இன்ஜின் கத்துது, படகு போகல: சின்ன அவுட்போர்டு மோட்டாரின் விசிறிக் கோளாறுகள்

தொண்டிப் பக்கமிருந்தோ மீமிசல் பக்கமிருந்தோ ஒரு 9.9 குதிரைத்திறன் மோட்டார் சாக்கில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏறி, காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வந்து இறங்கும்போது கூடவே வரும் புகார் பெரும்பாலும் ஒற்றை வரிதான்: “இன்ஜின் கத்துது, படகு போகல.” பைக் வேலை பழகிய கை உடனே கார்புரேட்டரைத் தேடும். அங்கே போகாதீர்கள். இன்ஜின் கத்துகிறது என்றால் அதற்குத் தெம்பு இருக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தெம்பு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. வேலையை வாலிலிருந்து, அதாவது தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதியிலிருந்து, தொடங்க வேண்டும்.

இது அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார்களில், 2 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ளவற்றுக்கான வழிகாட்டி. பைக் வேலை தெரிந்து, அவுட்போர்டு புதிதாகக் கைக்கு வந்தவர்களையும், சின்ன பைபர் படகு புதிதாக வாங்கியவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. புரொப்பல்லரை விசிறி என்பார்கள், காத்தாடி என்பார்கள். இங்கே விசிறி என்றே வைத்துக்கொள்வோம்.

விசிறி எப்படிப் பிடித்திருக்கிறது

சின்ன மோட்டார்களில் விசிறி ஷாப்டோடு இணைவது இரண்டு விதம். 2 முதல் 6 குதிரைத்திறன் வரையுள்ள பல மோட்டார்களில் ஷாப்டின் குறுக்கே ஒரு சின்ன உலோக ஊசி போகும். அதுதான் ஷியர் பின். விசிறி பாறையிலோ மரத்திலோ மோதினால் இந்தப் பின் முறியும், கியர் பிழைக்கும். அதைவிடப் பெரிய மோட்டார்களில் ஷாப்டில் நீளவாக்கில் பற்கள், அதாவது ஸ்பிளைன், வெட்டியிருக்கும். விசிறியின் நடுவே பல் வெட்டிய ஓர் உள் குழாய், அதைச் சுற்றி அழுத்தி ஏற்றிய ரப்பர், அதற்கு வெளியே அலுமினிய உடம்பு. மோதினால் ரப்பர் வழுக்கிக்கொடுக்கும். கியர் போடும்போது விழும் அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

பின்னும் ரப்பரும் முறிவதற்கும் வழுக்குவதற்குமே வைக்கப்பட்டவை. வீட்டு மின்பெட்டியில் ப்யூஸ் போனால் தடித்த கம்பியை முறுக்கி வைப்பதும், ஷியர் பின்னுக்குப் பதில் ஆணியை வெட்டிச் செருகுவதும் ஒன்றுதான். ஆணி முறியாது, கியர் பல் முறியும். அதற்கு ஆகும் செலவில் ஒரு பெட்டி பின் வாங்கலாம்.

விசிறியின் நடுக்குழாயிலோ இலையிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும், உதாரணமாக 9¼ × 9. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது மரத்துக்குள் இறங்கும் திருகாணியைப்போல விசிறி ஒரு சுற்றில் எவ்வளவு முன்னே போகும் என்ற கணக்கு. தண்ணீர் மரமல்ல, கொஞ்சம் நழுவும். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். கடைக்காரரிடம் “9.9க்கு விசிறி” என்று மட்டும் கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதுதான் வரும்.

தண்ணீரில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள்

மோட்டார் பட்டறைக்கு வந்துவிட்டால் பாதித் துப்பு கடற்கரையிலேயே தங்கிவிடுகிறது. கொண்டுவந்தவரிடம் கேளுங்கள், படகு உங்களுடையது என்றால் நீங்களே கவனியுங்கள்.

கியர் போட்டும் படகு அசையவே இல்லை, இன்ஜின் சுமையில்லாமல் சுற்றுகிறது என்றால் ஷியர் பின் முறிந்திருக்கும், அல்லது ரப்பர் முழுக்கப் போயிருக்கும், அல்லது கியர் லிங்க் கழன்றிருக்கும். மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, திராட்டிலைத் திறந்ததும் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் ரப்பர் வழுக்கல். இதில் சத்தம் வழவழவென்று ஏறும். அதே இடத்தில் ‘டக் டக்’ என்று அடி விழுந்தால் அது ரப்பர் அல்ல. கியரைப் பிடித்துப் பூட்டும் நாய்ப்பல் (டாக் கிளட்ச்) தேய்ந்து கியர் குதிக்கிறது. அது வேறு வேலை, வால் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

நேராகப் போகையில் சரி, திருப்பும்போதும் அலையில் ஏறி இறங்கும்போதும் மட்டும் கத்துகிறது என்றால் விசிறி மேலிருந்து காற்றை இழுக்கிறது. மோட்டார் உயரமாக மாட்டியிருக்கலாம், அல்லது வெளிப்பக்கம் தூக்கிச் சாய்ந்திருக்கலாம். விசிறிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கிறதே, எல்லோரும் கேவிடேஷன் பிளேட் என்பார்கள், அதன் வேலை காற்றைத் தடுப்பதுதான். பின்பலகையில் மாட்டிய மோட்டாரில் அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதற்கு 25 மி.மீ. வரை கீழாகவோ நிற்க வேண்டும். மோட்டாரின் கால் நீளம், ஷாப்டு நீளம் என்பார்கள், பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரு அளவில் வரும். 20 அங்குலப் பலகையில் 15 அங்குல மோட்டாரை மாட்டிவிட்டு விசிறியைக் குறை சொல்பவர்கள் நிறைய. பலகை உயரத்தை டேப் வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம்.

கைப்பிடியில் நடுக்கம் என்றால் இலை வளைந்திருக்கிறது, துண்டு உடைந்திருக்கிறது, ஒரு பக்கம் வலைத்துண்டு சுற்றியிருக்கிறது, அல்லது ஷாப்டே வளைந்திருக்கிறது. இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரியும்.

இன்ஜின் கத்தவில்லை, மூச்சு வாங்குகிறது, முழு திராட்டிலிலும் சுற்று ஏறவில்லை என்றால் கதை தலைகீழ். பிட்ச் அதிகம், அல்லது படகின் அடியில் கொட்டலசு ஏறியிருக்கிறது, அல்லது விசிறியில் கடல்தாழை என்னும் கடற்புல் சுற்றியிருக்கிறது. பாக் விரிகுடாவில் இந்தக் கடைசி விஷயம் அன்றாடம் நடப்பது. அந்தக் கடல் ஆழமில்லாதது, சேறு, கடற்புல் படுகை நிறைந்தது. புல் சுற்றினால் உடனே மோட்டாரைத் தூக்க வேண்டாம். திராட்டிலை முழுக்கக் குறைத்து, நியூட்ரலுக்கு வந்து, இரண்டு மூன்று விநாடி ரிவர்ஸ் போட்டால் பாதிக்கு மேல் அவிழ்ந்துவிடும். மீதியை இன்ஜினை நிறுத்தி, தூக்கி, கையால் எடுக்க வேண்டும். புல் படுகைமேல் முழு வேகத்தில் ஓட்டினால் விசிறிக்கும் கேடு, புல்லுக்கும் கேடு. அந்தப் புல்லைத் தின்று வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத்தான் 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புதுக்கோட்டைக் கரையில் ஓட்டுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பட்டறையில், தண்ணீர் இல்லாமல்

செட்டிநாட்டுப் பட்டறைக்கு இருக்கும் சங்கடம் இது: கடல் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, மோட்டார் மேசைமேல் இருக்கிறது. டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம். கூலிங் தண்ணீர் வருகிறதா, கியர் விழுகிறதா என்பது தெரியும். விசிறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிரம்முக்குள் தண்ணீர் சுழன்று காற்றை இழுத்துக்கொள்ளும், இன்ஜின் சும்மா கத்தும். இதைப் பார்த்து “ரப்பர் போச்சு” என்று தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. தண்ணீரே இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். கூலிங் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளில் கருகத் தொடங்கும்.

ஓட்டாமலே பார்க்க நான்கு சோதனைகள் இருக்கின்றன. எதற்கும் முன் பிளக் வயரைக் கழற்றி எஞ்சினில் எர்த் ஆகும்படி வையுங்கள், கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிடுங்கள். கியரில் இருக்கும் மோட்டாரின் விசிறியைக் கையால் திருப்பினால் இன்ஜினும் திரும்பும். சூடான இன்ஜின் பற்றிக்கொண்டால் விரல் போய்விடும்.

முதல் சோதனை: நியூட்ரலில் விசிறியைத் தட்டிச் சுற்றவிடுங்கள். கியர் பெட்டியோடு ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனை இலையின் நுனிக்கு அருகே நிற்கும்படி வளையுங்கள். மூன்று இலை நுனிகளும் கம்பியை ஒரே இடைவெளியில் கடக்க வேண்டும். ஓர் இலை மட்டும் 2 மி.மீ.க்கு மேல் விலகினால் அந்த இலை வளைந்திருக்கிறது. பிறகு விசிறியைக் கழற்றிவிட்டு, கம்பியை ஷாப்டின் முனைக்குக் கொண்டுவாருங்கள். ஷாப்டே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் விசிறியைச் சரிசெய்து பயனில்லை. அதைச் சுத்தியால் நிமிர்த்தவும் முயல வேண்டாம், புதுசுதான் போட வேண்டும்.

இரண்டாவது: முன் கியர் போட்டு, பின்னாலிருந்து பார்க்கையில் விசிறியை இடஞ்சுழியாக லேசாகத் திருப்புங்கள். பெரும்பாலான சின்ன மோட்டார்களில் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றிப் படகை ஓட்டும். எதிர்த் திசையில் தள்ளும்போது கியர் பிடித்து இன்ஜினின் கம்ப்ரஷன் கையில் தெரிய வேண்டும். பிடிக்காமல் நழுவிச் சொடுக்கினால் கியரில் கோளாறு.

மூன்றாவது ரப்பர். கியர் பிடித்திருக்கும் நிலையிலேயே இலையை இரு கையாலும் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் ஸ்பிரிங்போலக் கொஞ்சம் கொடுத்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பாமல் போன இடத்திலேயே நின்றால் ரப்பர் முடிந்தது. ஆனால் கைவிசைக்குத் தாக்குப்பிடிக்கிற ரப்பர் இன்ஜின் விசைக்கு வழுக்கலாம். அதை உறுதிசெய்ய ஒரே வழி பெயின்ட் கோடு. நட்டின் மேலிருந்து தொடங்கி விசிறியின் வெளிக்குழாய் விளிம்பு வரை ஆயில் பெயின்ட் மார்க்கரால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். நட்டு ஷாப்டோடு பின் போட்டுப் பூட்டியது, நகராது. படகில் மாட்டி முழுச் சுமையில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தூக்கிப் பார்த்தால் கோடு ஒன்றாகவே இருக்கிறதா, பிரிந்து நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பிரிந்திருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. மார்க்கரின் விலை ஒரு காபிச் செலவு.

நான்காவது கியர் ஆயில். அதைத் தங்கூசியோடு, அதாவது வலையின் நைலான் இழையோடு, சேர்த்துச் சொல்ல வேண்டும்; முதலில் விசிறியைக் கழற்றிவிடுவோம்.

கழற்றும் முறை

1. பிளக் வயர் கழற்றியாகிவிட்டதா என்று மறுபடி பாருங்கள். கியரைப் போட்டு வையுங்கள்.
2. நட்டைப் பூட்டியிருக்கும் ஸ்பிளிட் பின்னின் கால்களைக் குறடால் நேராக்கி உருவுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஸ்பிளிட் பின் ஒரு முறைக்குத்தான்.
3. இலைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்து விசிறியைத் தடுங்கள். கையால் பிடித்துக்கொண்டு ஸ்பானர் போட்டால் இலையின் விளிம்பு உள்ளங்கையைக் கிழிக்கும்.
4. நட்டு, வாஷர், ஸ்பேசர், விசிறி, கடைசியாக உள்ளே இருக்கும் த்ரஸ்ட் வாஷர். வருகிற வரிசையிலேயே ஒரு துணிமேல் அடுக்கிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

த்ரஸ்ட் வாஷரைப் பலர் தொலைக்கிறார்கள். தண்ணீர் விசிறியைத் தள்ளும் விசை முழுவதும் அந்த வாஷர் வழியாகத்தான் ஷாப்டுக்குப் போய்ப் படகைத் தள்ளுகிறது. ஷாப்டின் சரிவான பகுதியில் உட்காரும்படி அதன் உட்புறம் ஒரு பக்கம் சரித்து வெட்டியிருக்கும். அது இல்லாமலோ திருப்பியோ போட்டால் விசிறி முன்னே போய் கியர் பெட்டியை உரசும். உரசிய இடத்தில் வட்டமாகப் பளபளப்பான தடம் இருந்தால் முன்பு யாரோ இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள்.

விசிறி வரவில்லையா? உப்புப் பிடித்திருக்கும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கொதிக்கும் வெந்நீரை நடுக்குழாய்மேல் ஊற்றி, மரத்துண்டை வைத்து, குழாயின் முன்பக்க விளிம்பில் இரு பக்கமும் மாறி மாறித் தட்டுங்கள். இலைமேல் ஒருபோதும் தட்டாதீர்கள். கேஸ் தீயைக் காட்டாதீர்கள். உள்ளே ரப்பர் வெந்துபோகும், கொஞ்சம் உள்ளே தள்ளி ஆயில் சீலும் இருக்கிறது.

தங்கூசி: கண்ணுக்குத் தெரியாத திருடன்

விசிறியைக் கழற்றியதும் ஷாப்டு கியர் பெட்டிக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வலையிலிருந்து அறுந்து மிதக்கும் தங்கூசி விசிறிக்கு முன்னால் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகி, உரசலில் உருகி, வெள்ளை வளையம்போல உறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, படகும் நன்றாகவே ஓடும். ஆனால் அந்த வளையம் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டிருக்கும். சீல் போனால் கடல்நீர் உள்ளே, கியர் ஆயில் வெளியே. வலை போடும் படகு என்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது விசிறியைக் கழற்றிப் பார்ப்பது மிகையல்ல.

வளையத்தைக் கத்தியால் அறுக்கும்போது ஷாப்டின் நீளவாக்கில் வெட்டுங்கள். கத்தி முனை சீலைத் தொடக்கூடாது. எடுத்தபின் கியர் ஆயிலைச் சோதிக்க வேண்டும். மோட்டாரை ஓர் இரவு செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் இறங்கி நிற்கும். காலையில் கீழ்த் திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் வரும் துளிகளே பதில் சொல்லும். தேன் நிறமாக, தெளிவாக வந்தால் சீல் பிழைத்தது. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்து கடைந்தாகிவிட்டது. சீல் மாற்ற வேண்டும், வழக்கமாக இரண்டு சீல் அடுத்தடுத்து இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். திருகின் காந்த முனையில் மாவுபோலக் கருப்பு ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். சிம்பு சிம்பாக உலோகம் வந்தால் கியரைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

ஆயில் நிரப்பும் முறை பைக்குக்கு நேர் எதிர். கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். மேல், கீழ் இரண்டு திருகையும் கழற்றி, கீழ்த் துளையில் ட்யூபையோ பம்பையோ வைத்து, மேல்துளையில் ஆயில் குமிழி இல்லாமல் வழியும் வரை ஏற்றுங்கள். வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு ட்யூபை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகை விரைவாக மூடுங்கள். 10 குதிரைத்திறன் சுற்றியுள்ள மோட்டார்களுக்குக் கால் லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். அவுட்போர்டுக்கென்று விற்கும் கியர் ஆயில் போதும். திருகின் கீழ் இருக்கும் சின்ன கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். சீல் மாற்றியும் தண்ணீர் புகுகிறது என்று வரும் புகாரில் இந்தக் குண்டுமணி அளவுப் பொருள் குற்றவாளியாக இருப்பதுண்டு.

இலையைச் சரிசெய்தல்

எவ்வளவு சேதம் வரை கையால் பார்க்கலாம்? விளிம்பில் 3 மி.மீ. ஆழம் வரையுள்ள கொத்தல்களை அரத்தால் இழைத்துவிடலாம். தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும் முன்விளிம்பு மழுங்கலாக உருண்டு இருக்கும், பின்விளிம்பு மெல்லியதாக இருக்கும். அந்த வடிவம் மாறக்கூடாது. தட்டை அரத்தால் இழைத்து, 120, பிறகு 240 எண் உப்புத்தாளால் தேய்த்து முடியுங்கள். கத்திபோலத் தீட்ட வேண்டாம். கூர்மையான முன்விளிம்பு அடுத்த கல்லில் உடனே மடியும்.

எங்கே எவ்வளவு எடுத்தோம் என்பதை மற்ற இலைகளிலும் ஒப்பிட வேண்டும். அதற்குத் தட்டையான தளம் தேவை. ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்கள் அடியில் வைக்கும் கண்ணாடிபோல ஒரு தடித்த கண்ணாடித் துண்டு இதற்கு அருமையாக உதவும். விசிறியை அதன்மேல் நிறுத்தி, மையத்திலிருந்து ஆரத்தின் பத்தில் ஏழு பங்கில், அதாவது 9 அங்குல விசிறிக்கு 80 மி.மீ. தூரத்தில், எல்லா இலையிலும் காம்பஸால் ஒரு வில் வரையுங்கள். அந்த வில்லில் முன்விளிம்பின் உயரம், பின்விளிம்பின் உயரம் இரண்டையும் கண்ணாடியிலிருந்து அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். மூன்று இலைக்கும் அந்த வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

இதே அளவில் பிட்சையும் கணக்கிடலாம். அளந்த இரண்டு புள்ளிகளுக்கும் மையத்தில் உள்ள கோணம் 60 பாகை, உயர வித்தியாசம் 36 மி.மீ. என்றால், முழுச் சுற்றுக்கு 36 × 6 = 216 மி.மீ. அதாவது எட்டரை அங்குலம். எண் தேய்ந்து அழிந்துபோன பழைய விசிறிக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

நுனி லேசாக மடங்கியிருந்தால் மரத்துண்டு வைத்த வைஸில் பிடித்து, தோல் சுற்றிய பெரிய ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் இரும்பல்ல. முன்னும் பின்னுமாக இரண்டு தடவை வளைத்தால் வெடித்துவிடும். நிமிர்த்தியபின் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு: அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். இலை நடுக்குழாயோடு சேரும் அடியில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்த விசிறியை எடைக்குப் போட்டுவிடுங்கள். ஓடும்போது இலை கழன்றால் மிச்சமிருக்கும் விசிறி ஷாப்டையும் சீலையும் ஆட்டிக் கெடுக்கும்.

துண்டு உடைந்துபோன இலையை ஆர்கான் வெல்டிங்கில் கட்டலாம். இது விசிறி பழகிய வெல்டருக்கான வேலை. சிலிக்கன் கலந்த வார்ப்புக்கு 4043 கம்பி, மெக்னீசியம் கலந்ததற்கு 5356. வெல்ட் பக்கத்து உலோகம் சூட்டில் இளகி வலு குறையும் என்பதால் இலையின் நுனிப் பக்கம் உடைந்தால் கட்டலாம், அடிப்பக்கம் வேண்டாம். வெல்டிங்கின்போது நடுக்குழாய் முழுக்க ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். வெல்டிங் கூலியும் கடற்கரைக்குப் போய்வரும் செலவும் சேர்ந்து புது அலுமினிய விசிறியின் பாதி விலையைத் தொட்டால், புதுசு வாங்கிவிட்டுப் பழையதை அவசரத்துக்கு வைப்பதே புத்தி. இரு கலவை எபாக்ஸிப் பசையால் துண்டை ஒட்டும் வித்தை இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

வேலை முடிந்ததும் எடைச் சமன் பாருங்கள். துளைக்குச் சரியாகப் பொருந்தும் நேரான கம்பியைச் செருகி, மட்டமாக வைத்த இரண்டு பட்டை இரும்பு விளிம்புகள்மேல் உருளவிடுங்கள். ஒரே இலை திரும்பத் திரும்பக் கீழே வந்து நின்றால் அது கனம். அதன் முதுகுப் பக்கத்தில், நுனிக்கருகே, மெல்ல இழையுங்கள்.

ரப்பர் போனால்

பெயின்ட் கோடு பிரிந்துவிட்டது. இப்போது இரண்டு வழி. அந்த விசிறிக்கு ரப்பர் தனியாகக் கிடைக்குமென்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் பழையதை அழுத்தி வெளியேற்றிப் புதியதை ஏற்றலாம். ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் மட்டும் தடவ வேண்டும். கிரீஸோ ஆயிலோ தடவினால் ரப்பர் ஏறும், ஏறிய வேகத்திலேயே வழுக்கவும் செய்யும். ரப்பர் நேராக உட்கார, சரிவாகக் கடைந்த ஒரு குழாய்ப் புனலை லேத்தில் செய்துகொண்டால் வேலை எளிது. கோணலாக ஏறினால் விசிறி முழுதும் ஆடும். பல சின்ன விசிறிகளில் ரப்பர் தனியாக விற்பனைக்கே வராது; அங்கே புது விசிறிதான்.

வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் சேர்த்துத் துளை போட்டு போல்ட் மாட்டிவிடும் பழக்கமும் இருக்கிறது. கரை சேர அது உதவும். அப்படியே விட்டு ஓட்டினால் கியர் போடும் ஒவ்வொரு அடியும் நேராகப் பல்லில் விழும். கடலில் ரப்பர் வழுக்கத் தொடங்கினால் திராட்டிலைக் குறைத்து, வழுக்காத வேகத்திலேயே பொறுமையாக வீடு வந்து சேருங்கள். முழு திராட்டில் கொடுத்தால் சூட்டில் மிச்ச ரப்பரும் கரையும்.

சரியான பிட்ச்

கோளாறு இல்லாத விசிறியும் தவறான விசிறியாக இருக்கலாம். இதற்கு இரண்டு கருவிகள் போதும்: பிளக் வயரில் சுற்றிக் கட்டி இன்ஜின் சுற்றை அளக்கும் சின்ன டாக்கோமீட்டர், போனில் ஜிபிஎஸ். பல 4 ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும். மீட்டர் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டினால் அதன் அமைப்பை மாற்றுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆள், வலை, ஐஸ் எல்லாவற்றோடும் ஓட்டுங்கள். காற்றை எதிர்த்து ஒரு தடவை, காற்றோடு ஒரு தடவை, இரண்டின் சராசரி.

முழு திராட்டிலில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வர வேண்டும் என்று மோட்டாரின் கையேட்டில் இருக்கும். 4500 முதல் 5500 என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு 4200தான் வருகிறது என்றால் இன்ஜின் திணறுகிறது. நாள்பட்டால் சூடாகி, கரி பிடித்து, பிஸ்டன் கெடும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும். ஆகவே 2 அங்குலம் குறைந்த விசிறி. 5800க்குப் போகிறது என்றால் பிட்சைக் கூட்ட வேண்டும். ஆனால் விசிறி காற்று இழுக்கவில்லை, ரப்பர் வழுக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு.

நழுவலையும் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்று × பிட்ச் அங்குலம் × 0.001524 என்பதைக் கியர் விகிதத்தால் வகுத்தால் நழுவலே இல்லாத வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். 5000 சுற்று, 9 அங்குலம், விகிதம் 2.08 என்றால் சுமார் 33. ஜிபிஎஸ் 22 காட்டினால் மூன்றில் ஒரு பங்கு நழுவுகிறது. சுமை ஏற்றிய மீன்பிடிப் படகுக்கு இது பயப்படும் எண் அல்ல. பயப்பட வேண்டியது, அதே படகு அதே சுமையில் அடுத்த மாதம் 17 காட்டினால்தான்.

உலோகம், உப்பு, கிரீஸ்

ஸ்டெயின்லெஸ் ஷாப்டு, அலுமினிய விசிறி, நடுவே உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் பேட்டரிதான், கரைவது அலுமினியம். 1948ல் அடிக்கல் நாட்டி 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருப்பதாலும், கடல்நீர் அரிப்பைச் சோதிக்க அதற்கு மண்டபத்தில் ஒரு நிலையம் இருப்பதாலும், இந்த ஊர்க்காரர்களுக்கு அரிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டை தான் கரைந்து மற்றதைக் காக்கிறது. அதற்குப் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஸ்பிளைனுக்கு நீர் தாங்கும் மெரைன் கிரீஸ். கிராபைட் கலந்த கிரீஸ் வேண்டாம், கிராபைட் அரிப்பைக் கூட்டும்.

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் பித்தளை விசிறி கண்ணில் பட்டால் வீட்டு முகப்பில் அழகுக்கு வைக்க வாங்கலாம். அலுமினியக் கியர் பெட்டியில் மாட்ட வேண்டாம்.

திரும்ப மாட்டுதல்

ஸ்பிளைன் முழுக்க கிரீஸ் தடவி, த்ரஸ்ட் வாஷரைச் சரிவுப் பக்கம் பார்த்து உட்காரவைத்து, படத்தில் உள்ள வரிசைப்படி மாட்டுங்கள். நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கியபின் பின் துளை நேர்ப்படவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்குங்கள். பின்னோக்கித் தளர்த்த வேண்டாம். புது ஸ்டெயின்லெஸ் ஸ்பிளிட் பின், இரண்டு காலும் எதிரெதிரே மடக்கியது. மாட்டியதும் நியூட்ரலில் கையால் சுற்றுங்கள், எங்கும் உரசக்கூடாது. பெயின்ட் கோட்டைப் புதிதாகப் போட்டு, முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டையும் கோட்டையும் ஒருமுறை பாருங்கள்.

படகில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிரந்தரமாக இருக்கட்டும்: ஷியர் பின் மாடல் என்றால் அதே அளவுப் பின் இரண்டு, ஸ்பிளிட் பின் நான்கு, ஒரு விசிறி நட்டு, ஒரு த்ரஸ்ட் வாஷர், குறடு, நட்டுக்கான ஸ்பானர், கத்தி, ஒரு மரக்கட்டை. நேராக இருக்கும் பழைய விசிறி ஒன்றும் கூடவே. மோட்டாரைத் தூக்கிப் பூட்டி, இன்ஜின் நின்றிருக்க, ஆள் இரண்டு பேராவது இருந்தால் நடுக்கடலில் மாற்றிவிடலாம். ஸ்பானருக்கும் குறடுக்கும் ஒரு முழம் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். நட்டுக்கு அது முடியாது என்பதால், கழற்றும் முன் மோட்டாரின் வாலுக்குக் கீழே வலைத்துண்டையோ பழைய சட்டையையோ தொட்டில்போலக் கட்டிவிடுங்கள்.